சட்டையில் ஒரு தித்திப்பு வாசனை

மார்ச் 4, செவ்வாய்

நூல் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி ஒன்றாம் தேதி ஆரம்பித்தவர்கள் எல்லாம் இந்நேரம் நிறுத்தியிருப்பார்கள். நான் இன்றைக்கு ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கிறது.

எனக்கு வேலை கோயம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில், செக்கிங் பிரிவில். தைத்து வரும் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்ட இடம், கறை, நூல் பிசிறு என்று பார்த்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். குறை கண்டுபிடித்துத்தான் மாதச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள் என்றால் எப்படி முடியும்?

இவர் இன்று வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். கண் சொக்கிக் கிடந்தது. "ஏனுங்க, என்னாச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல கமலா, தலை கிர்ருங்குது" என்று போய்ப் படுத்தவர்தான். சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

தலை கிர்ரென்கிறதாம். எங்கள் அப்பாவுக்கும் சாகிற வரைக்கும் இப்படித்தான் கிர்ரென்று இருந்தது.

மார்ச் 6

துணி துவைக்கும்போது இவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன்.

இதில் எனக்குப் பழக்கம் உண்டு. சின்ன வயதில் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் அவர் மடியில் ஏறி, வாயை முகர்ந்துவிட்டு, அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கு ஜாடை காட்டுவது என் பொறுப்பு. பட்டையா, பிராந்தியா, பழைய கள்ளா என்று பிரித்தே சொல்லிவிடுவேன். அதைப் பொறுத்து அம்மா எங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாள். அந்த மூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இவர் சட்டையில் இருந்தது அந்த மூன்றும் இல்லை. தித்திப்பாக, பாகு காய்ச்சிய சட்டியில் ஆஸ்பத்திரி மருந்தைக் கொட்டியதுபோல ஒரு வாசனை. வாயில் கொஞ்சம்தான். சட்டையில்தான் அதிகம். கேட்டேன். "டாங்க் வாசனை" என்றார். பிப்ரவரியில் இவரை லேத்திலிருந்து எடுத்து, கழுவும் டாங்க்கில் போட்டிருக்கிறார்கள். முன்பு இருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டானாம்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் குடித்து நான் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதால் குடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? மேலே சிந்திக்கொண்டு குடிக்கிற அளவுக்குப் போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

மகள் கௌசல்யா காலேஜ் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். நன்றாக இருக்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

இவர் சின்னக் குப்பி ஒன்று கொண்டுவந்திருந்தார். "உன்ற பட்டுச்சேலையில எண்ணெய்க் கறை இருக்குன்னியே, எடு பார்க்கலாம்" என்றார். ஜன்னலைத் திறந்துவைத்து, பஞ்சில் இரண்டு சொட்டு நனைத்துக் கறையை ஒற்றினார். கறை போன இடம் தெரியவில்லை. ஊதுவதற்குள் ஈரமும் போய்விட்டது. இத்தனை வருஷமாக எங்கள் கம்பெனியில் கறை எடுக்கிற பவுடர், சோப்பு எல்லாம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பெயர் டி.சி.இ.யாம். இவர் வேலை செய்யும் வால்வு கம்பெனியில், லேத்தில் கடைந்து வரும் வால்வெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். அப்படியே பெயின்ட் அடித்தால் ஒட்டாது. அதற்காக ஆள் உயரத்துக்கு ஒரு டாங்க். அடியில் இந்த டி.சி.இ. கொதித்துக்கொண்டே இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேலே பறந்துபோகாமல் டாங்க்குக்குள்ளேயே நிற்கும். டாங்க்கின் வாயைச் சுற்றிக் குளிர்ந்த குழாய் ஓடுகிறது. அதுவரை ஏறி வருகிற ஆவி, குளிர்ச்சி பட்டதும் திரும்பவும் சொட்டி அடிக்கே போய்விடும். வால்வுகளைக் கூடையில் வைத்து இறக்கித் தூக்கினால் எண்ணெய் அத்தனையும் கரைந்து, ஈரம்கூட இல்லாமல் பளிச்சென்று வருமாம்.

"பெட்ரோல்னா பக்குனு பத்திக்கும். இது பத்தாது. அதுனாலதான் கம்பெனிக்காரனுக்கு இது மேல இத்தனை ஆசை" என்றார். பேச்சில் பெருமை இருந்தது. ஆனால் கை இரண்டும் வெளுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. "கையில இருக்கற எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துப்போடுது" என்றார். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

அப்போதுதான் சொன்னார்: "இந்த டாங்க்ல நிக்கறவன் குடிக்கவே முடியாது கமலா. ஒரு வாய் உள்ள போனாலும் மூஞ்சி திட்டுத்திட்டாச் செவந்துரும். முன்ன இருந்தவன் தங்கச்சி கல்யாணத்துல அப்படித்தான் மாட்டிக்கிட்டான்."

நான் கேட்கவே இல்லை. நான் கேட்காமல் குடியைப் பற்றி இவருக்கு எதற்குப் பேச்சு? திடீரென்று சேலைக் கறைமேல் எதற்கு இத்தனை அக்கறை?

மார்ச் 17, திங்கள்

ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் மகா யோக்கியன். நடை சரியாக இருக்கிறது, சிரிக்கிறார், இரண்டு தோசை கூடக் கேட்கிறார். திங்கள் சாயங்காலம் திரும்பவும் சுவரைப் பிடிக்கிறார். ஞாயிறு முழுக்க நான் வீட்டில் காவல் இருக்கிறேன், வேறென்ன?

மார்ச் 22

அரை நாள் லீவு போட்டுவிட்டு வால்வு கம்பெனி பஸ் ஸ்டாப்பில், கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றேன். ஷிப்ட் விட்டதும் இவர் வந்தார். ஒல்லியாக ஒருவன் இவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் ஒன்றாகத் தள்ளாடினார்கள். பெயர் ஆரோக்கியம், அதே டாங்க்கில் கூட நிற்பவன். பெயர் மட்டும்தான் ஆரோக்கியம்.

கூட்டாளி கிடைத்துவிட்டான். இனிக் கேட்கவேண்டுமா?

ஏப்ரல் 2, புதன்

சாயங்காலம் வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "டாங்க்கைக் குளிர வைக்கற சில்லர் ரிப்பேர் கமலா. குழாய் சுடுது. ஆவி மேல வழிஞ்சு வருது. சொல்லியாச்சு, ஆள் வர்றான் வர்றான்னே சொல்றாங்க" என்றார்.

எங்கள் கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் ஆகாத நாளே இல்லை. அதற்காக நான் தள்ளாடிக்கொண்டா வீட்டுக்கு வருகிறேன்? அப்பாவாவது பொய்யை எளிமையாகச் சொல்வார். இவர் மெஷினெல்லாம் வைத்துச் சொல்கிறார்.

"குடிச்சேன்னு ஒத்துக்குங்க. ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டீங்கன்னா நான் சண்டை போடமாட்டேன்" என்றேன். என்னையே பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் நிறுத்த முடியாத குடி. இப்போது டீகூடக் குடிப்பதில்லை. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டாள். வெள்ளைத் தூள். ஒரு வைத்தியர் கொடுப்பதாம். இங்கிலீஷ் மாத்திரையைத்தான் இடித்துக் கொடுக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம், ஆனால் கேட்டதில்லையாம்.

"சோத்துல போட்டாத் தெரியாதுடி. தினமும் ஒரு சிட்டிகை. இது உள்ள இருக்கறப்பக் குடிச்சான்னு வெச்சுக்க, மூஞ்சி ரத்தமாச் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, கொடலே வெளிய வர்றாப்புல வாந்தி வரும். ரெண்டு தடவை அப்படி ஆச்சுன்னா அவனா விட்டுருவான்."

"குடிக்காட்டி?"

"குடிக்காட்டி ஒண்ணும் ஆகாது. அப்புறம் உனக்கென்ன பயம்?"

பொட்டலத்தை வாங்கி வைத்தேன். வாங்கி வைத்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 7

ரசம் இரண்டு பாத்திரத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ் வருஷப் பிறப்பு. எல்லோருக்கும் லீவு. கௌசல்யா வந்திருந்தாள். மாங்காய், வெல்லம், வேப்பம்பூ எல்லாம் போட்டுப் பச்சடி செய்தேன். இவர் கிண்ணத்தைத் தனியாக எடுத்துவைத்தேன். வேப்பம்பூ இருக்கிற நாளில் கசக்கிறது என்று யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இவர் முகம் தெளிவாக இருந்தது. கௌசல்யாவோடு தாயக்கட்டை விளையாடி வேண்டுமென்றே தோற்றார். இப்படி ஒரு மனுஷனை எந்தச் சனியன் பிடித்தது என்று அழுகையே வந்தது.

ஏப்ரல் 24

ஒன்றும் ஆகவில்லை. முகமும் சிவக்கவில்லை, வாந்தியும் இல்லை. ஆனால் தள்ளாட்டம் மட்டும் முன்பைவிட அதிகம். முன்பெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத் தெளிந்துவிடுவார். இப்போது காலையில் எழுந்திருக்கும்போதும் சொக்கியே இருக்கிறார். பல் தேய்க்கும்போதும் அந்தத் தித்திப்பு வாசனை.

தூளில் கலப்படம் இருக்கவேண்டும். அல்லது தூளுக்கே அகப்படாத ஏதோ ஒன்றை ஆரோக்கியம் இவருக்கு வாங்கிக் கொடுக்கிறான். அக்காவுக்குப் போன் செய்து இன்னொரு பொட்டலம் கேட்டேன். "அளவைக் கொஞ்சம் கூட்டு" என்றாள்.

மே 5

கேஸ் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். "என்னங்க?" என்றேன். "எதுக்கு வந்தேன்னு தெரியல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பயந்துபோயிருந்தது தெரிந்தது. எனக்கும் பயமாக இருந்தது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. வெள்ளை முழி லேசாக மஞ்சளாக இருக்கிறது.

கோபம் எல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிடித்து உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

மே 10, சனி

நாட்டு மருந்துக் கடையில் பசி எடுக்க ஏதாவது கேட்டேன். திராட்சாரிஷ்டம் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி, அதே அளவு வெந்நீர் கலந்து. உடம்புக்கு ரொம்ப நல்லது, பிள்ளை பெற்றவர்களுக்கே கொடுப்பது என்றார்.

மே 11, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

காலையில் கறிக்கடைக்குப் போய் வந்தார். கொஞ்சம்தான் சாப்பிட்டார். அரிஷ்டத்தை ஊற்றி நீட்டினேன். மூக்கைச் சுளித்து, "வேண்டாம் கமலா, வாசமே ஆகல" என்றார். "குழந்தையாட்டம் பண்ணாதீங்க" என்று தலையைப் பிடித்துப் புகட்டாத குறையாகக் கொடுத்தேன். உடம்பு தேறவேண்டும் என்று பெண்டாட்டி நினைப்பது தப்பா?

நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அந்தக் கூத்து. முகம், கழுத்து, காது எல்லாம் செவசெவவென்று திட்டுத்திட்டாக ஏறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. பிறகு வாந்தி, தின்ற கறி, குடித்த மருந்து, எல்லாம். என் தோளைப் பிடித்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாமா கமலா" என்றார். நான் அசையவில்லை. அக்கா சொன்ன அத்தனையும் வரிசையாக நடந்துகொண்டிருந்தது. இவரே சொன்னதும்தான். ஒரு வாய் உள்ளே போனால் மூஞ்சி சிவந்துவிடும் என்று இவர் வாயாலேயே சொன்னாரே.

கறிக்கடைக்குப் போன நேரம். அந்தக் கடைக்குப் பக்கத்து சந்திலேயே ஒரு ஒயின் ஷாப் இருக்கிறது. ஞாயிறையும் விடவில்லை.

வயிறு காலியாகிவிட்டதே என்று திரும்ப ஒரு மூடி அரிஷ்டம் கொண்டுபோனேன். கையைத் தட்டிவிட்டார். பாதி தரையில் போயிற்று.

மே 13, செவ்வாய்

வால்வு கம்பெனிக்கே நேராகப் போய்விட்டேன். மேனேஜர் பெயர் சுந்தரவடிவேல். ஃபேனுக்கு நேராக நாற்காலி போட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்தார். இவர் குடிப்பதை, தள்ளாடுவதை, ஞாயிறு நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆரோக்கியத்தைப் பற்றியும் சொன்னேன். நடுவில் ஒருமுறை நிறுத்தச் சொல்லி, பக்கத்து அறையிலிருந்து, வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ்காரரையும் செக்யூரிட்டியையும் கூப்பிட்டார். "இவங்களும் கேக்கட்டும்மா. கேட்டாத்தானே கவனிச்சுக்க முடியும். மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"சில்லர் ஓடலைன்னு சொல்றாருங்களே?" என்று கேட்டுவைத்தேன்.

"குடிக்கறவங்க சொல்றதுதானேம்மா" என்று சிரித்தார்.

வாசல் வரை வந்து அனுப்பிவைத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நல்ல மனுஷரா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மே 23, வெள்ளி

இவர் டாங்க்கில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

மே 25

இப்போதுதான் எழுத முடிகிறது. டாங்க்குக்குள் நழுவிய கூடையை எடுக்கக் குனிந்தவர் அப்படியே தலைகுப்புறச் சாய்ந்திருக்கிறார். ஆரோக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டி, பெல்ட்டைப் பற்றி இழுத்திருக்கிறான். அவனுக்கும் மயக்கமாகி, வெளி வாசலில் கிடந்தானாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இவர் கொதிக்கிறதிலேயே போய் விழுந்திருப்பார்.

நெஞ்சும் கையும் வெந்திருக்கிறது. கண் திறக்கிறார், பேசவில்லை. டாக்டர் மெஹருன்னிசா கேட்டார்: "குடிப்பழக்கம் உண்டாம்மா?" நான் யோசிக்கவே இல்லை. "உண்டுங்க டாக்டர்" என்றேன். குறித்துக்கொண்டார். வாசலில் நின்ற மேனேஜரும் தலையாட்டினார்.

மே 27

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டிருக்கிறதாம்.

"கடைசியா எப்பக் குடிச்சாரு, எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். சிவந்தது, வாந்தி எல்லாம்.

"அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாரு?"

"சோறு, கறிக் குழம்பு. அப்புறம் திராட்சாரிஷ்டம் ரெண்டு மூடி."

பேனாவைக் கீழே வைத்தார். "அரிஷ்டம்னா ஊறவெச்சு நுரைச்சு வர்றதும்மா. அதுலயே கொஞ்சம் ஆல்கஹால் இருக்கு. பாட்டில்ல போட்டிருப்பான். படிக்கலையா?"

சட்டையில் ஒரு நூல் பிசிறைக்கூட விடாமல் பார்க்கிறவள் நான். பாட்டிலை நான் படிக்கவில்லை.

"டி.சி.இ. புகையில நிக்கறவங்களுக்கு ஆல்கஹால் துளி போனாலும் மூஞ்சி சிவக்கும். தலை சுத்தறது, தள்ளாட்டம், மறதி, தித்திப்பா ஒரு வாசனை, எல்லாம் அந்தப் புகையோட வேலைதான். குடிச்சவங்க மாதிரியேதான் இருக்கும். ஆனா இவ்வளவு வாந்தி, நெஞ்சு படபடப்புன்னா..." என்று நிறுத்தி, "வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

மே 28

பொய் சொன்னேன்.

மே 29

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போகும்போது வராந்தாவில் பின்னாலேயே ஓடிச் சொல்லிவிட்டேன். தூளைப் பற்றி எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. சுவரோரம் என்னை நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: மூச்சோடு உள்ளே போகிற அந்தப் புகையைச் சிதைத்து வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. நான் கொடுத்த மருந்து அந்த வேலையைத்தான் தடுத்துப் பிடிக்கிறது. அதனால் போனது வெளியே வராமல் உள்ளேயே தங்கியிருக்கும். எவ்வளவு கெடுதல் புகையால், எவ்வளவு என்னால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

தூளை ஆரம்பித்த பிறகுதான் ராத்திரிகூடத் தெளியாமல் போனார். நானே எழுதி வைத்திருக்கிறேன், ஆனாலும் எனக்குத் தெரியவில்லை.

மே 31, சனி

ஆரோக்கியம் வந்தான். இருமிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். கைகள் இவர் கைகளைப் போலவே வெளுத்து வெடித்திருந்தன. அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ரெண்டு மாசமா சில்லர் ஓடலீங்க்கா. டாங்க்கை நிறுத்துனா ஆர்டர் போயிருமுன்னு ஓட்டவெச்சாங்க. அண்ணன் தலை சுத்துதுன்னு எத்தனை தடவை சொல்லிருப்பாரு. நாந்தான் பஸ் ஏத்தி விடுவேன். இப்ப என்னடான்னா, குடிச்சுப்போட்டு விழுந்துட்டாரு, அவரு சம்சாரமே வந்து சொல்லிச்சு, சாட்சி இருக்குதுன்னு மேனேஜர் சொல்லீட்டுத் திரியறாரு. சில்லரை விடிய விடிய மாத்திப்போட்டாங்க. இப்பப் பளபளன்னு ஓடுது."

திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வருகிறாராம். குடித்ததால் விபத்து என்று முடிந்துவிட்டால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. டாங்க் அதேபோல ஓடும். இவர் இடத்தில் வேறு ஒருவர் நிற்பார்.

அவர் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்தேனே. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். ஒருத்தரைத் தவிர.

ஜூன் 1, ஞாயிறு

இவருக்குப் பேச்சு வந்துவிட்டது. சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரசம், பச்சடி, அரிஷ்டம், மேனேஜரிடம் போனது. ஒன்றையும் விடவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வண்டி வந்து நின்று, யாரையோ இறக்கி, போயும் விட்டது.

"உங்கப்பன் குடிச்சதுக்கு நான் மருந்து சாப்பிட்டிருக்கேன்" என்றார்.

அழுதேன். என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். இவர் தடவவில்லை.

பிறகு சொன்னார்: "காலைல மேனேஜர் வந்தாரு, நீ இட்லி வாங்கப் போனப்ப. குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா வேற செக்ஷன்ல லேசான வேலை தர்றாங்களாம். நாளைக்கு ஆபீசர் வந்தா அப்படியே சொல்லிர்றேன்."

"எதுக்கு? நீங்க குடிக்கலியே."

"குடிக்கலைன்னு சொன்னா, அப்புறம் மூஞ்சி எப்படிச் செவந்துச்சுன்னு கேப்பான். ரத்தத்துல மருந்து எப்படி வந்துச்சும்பான். சாப்பாட்டுல கலந்து குடுத்தேன்னு நீ சொன்னா உன்ற மேல கேஸ் ஆயிரும். பொண்ணு காலேஜ்ல படிக்குது. நீ வாயவே தொறக்காத."

இரண்டு மாதமாக நான் இந்த மனுஷனிடம் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். குடித்தேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள். இப்போது எனக்காக ஒத்துக்கொள்கிறாராம்.

மேஜையில் மேனேஜர் கொண்டுவந்த ஆப்பிள் இருந்தது. அப்படியே எடுத்து, கூட்ட வந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

ஆய்வாளர் சின்ன வயது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கால்மாட்டில் மேனேஜர், டைம் ஆபீஸ்காரர், செக்யூரிட்டி மூன்று பேரும் நின்றார்கள். டாக்டரும் வந்திருந்தார். நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அன்னிக்குக் குடிச்சிருந்தீங்களா?" என்று இவரைக் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க. காலைல கொஞ்சம்..."

"இல்லீங்க சார்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "பொய் சொல்றாரு. என்னக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாரு."

இவர் "கமலா" என்றார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நின்றுபோயிருக்கும்.

தூளைச் சொன்னேன். எத்தனை நாள், எதிலெல்லாம் கலந்தேன் என்று சொன்னேன். மேனேஜர் ரூமில் நான் சொன்னது அத்தனையும் என் ஊகம், நான் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை என்று சொன்னேன். சில்லர் ஓடவில்லை என்று ஏப்ரல் ஆரம்பத்திலேயே இவர் சொன்னதையும், நான் நம்பாததையும் சொன்னேன். புது சில்லரை எப்போது மாட்டினார்கள் என்று ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். மேனேஜர், "சார், இந்தம்மாதான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாப்பாட்டுல மருந்து கலந்தேன்னு எழுதுனா உங்க மேல நடவடிக்கை வரலாம்மா. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுங்க. எழுதிக்குங்க."

எழுதினார். பிறகு நிமிர்ந்து, "அப்ப இவரு குடிச்சதே இல்லைங்கறீங்க" என்றார்.

"ஒரு தடவை குடிச்சிருக்காருங்க. மே பதினொண்ணு, ஞாயித்துக்கெழமை மத்தியானம். நாந்தான் ஊத்திக் குடுத்தேன். வேண்டாம்னுதான் சொன்னாரு."

அதையும் எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.